குடிமையறமும் ஆசிரியப் பயிற்சியும்

அறிவித்தால் அறியும் இயல்பினது உயிர் என்பது சைவசித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. தானே அனைத்தையும் அறியும் முற்றறிவும் அதற்கில்லை. அறிவித்தாலும் அறியாச் சடத்தன்மையும் அதற்கில்லை. அறிவிப்பார் ஒருவர் வேண்டும். அறிவித்தவழி அறிதற்குரிய தகுதியும் உயிரின்கண் முன்னரே உளதாதல் வேண்டும். இவ்வுண்மையை வீடுபேற்றின்கண் வைத்துப் பேசுதலே நமக்குப் பழக்கம். இதனை நாட்டு வாழ்வின்கண் வைத்துச் சிறிது ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். பல சமயத்தாரும் பல சாதியாரும் பல மொழியினரும் ஒரு நாட்டின் ஒத்த குடிகளாயிருந்து தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் திறம் பிறப்பொடு வருவதோ, கற்பிக்க வருவதோ? கற்பிக்க வருவதாயின், அதனைக் கற்பிக்கும் ஆசிரியனை ஆக்குதல் யாங்ஙனம்? தன் சமயத்தில் உறைத்த பற்றுடைய ஒருவன் அதனைக் கற்பித்தற்கு உரியனாவனோ, ஆகானோ? ஈண்டு எழுப்பப்படும் வினாக்கள் இவையே.

இவை வெறும் வாதத்தின்பொருட்டு எழுந்த வினாக்களல்ல. இந்திய அரசியலமைப்பு 1949 நவம்பர் 26-ஆம் நாள் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 1950 ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. செல்வரும் வறியரும், கற்றாரும் கல்லாரும், ஆடவரும் மகளிரும் ஆகிய அனைவர்க்கும் அது ஒரே அளவினதாகிய வாக்குரிமையை வழங்கிற்று. தொடக்கத்தில் இருபத்தொன்றாக இருந்த வாக்களிக்கும் அகவை 1989 முதற் பதினெட்டாயிற்று. பதினேழாம் அகவையிற் பள்ளிப் பலகையில் அமர்ந்து ஆசிரியர் சொற்கேட்டிருந்த பிள்ளை, அடுத்த ஆண்டில் அரசினை ஆக்கவும் மாற்றவும் உரிய ஆட்சியாளருள் ஒருவனாகின்றான். அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராகிய அறிஞர் அம்பேத்கர், 1949 நவம்பர் 25-ஆம் நாள் அவையில் ஆற்றிய உரையில், அரசியலிற் சமத்துவமும் வாழ்க்கையிற் சமமின்மையும் ஆகிய முரண்பாட்டினுள் நாடு புகுகின்றது என்று எச்சரித்தார். அம்முரண்பாடு எங்கே தீர்தற்குரியது? சட்டமன்றம் சட்டம் இயற்றும். நீதிமன்றம் தவறு செய்தாரை ஒறுக்கும். ஒருவன் மற்றொருவனை நோக்கும் நோக்கத்தை மாற்றுதல் இவ்விரண்டற்கும் இயலாது. அது பள்ளியின்கண் நிகழ்தற்குரியது. பள்ளியோ ஆசிரியனை உயிராக உடையது.

ஆசிரியனை ஆக்கும் பணி நம் சென்னைக்குப் புதிதன்று. இன்று சைதாப்பேட்டையில் விளங்கும் அரசு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தோற்றம் 1856-ஆம் ஆண்டினது. தமிழ்நாட்டின் ஆசிரியக் கல்வியியற் கல்லூரிகளை ஒருங்கிணைக்கும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-இல் நிறுவப்பெற்றுத் தென்சென்னையின் புறத்ததாகிய காரப்பாக்கத்தில் இயங்கி வருகின்றது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்த நெறிமுறைகளால், ஓராண்டாக இருந்த கல்வியியல் இளங்கலைப் படிப்பு ஈராண்டாக நீட்டப்பட்டது. இருபது வாரம் பள்ளிகளிற் சென்று பயிலுதலும் கட்டாயமாயிற்று. சமகால இந்தியாவும் கல்வியும், பாலினமும் பள்ளியும் சமூகமும், அனைவரையும் உள்ளடக்கும் பள்ளியை உருவாக்குதல் என்றாற் போலும் பொருள்கள் தனிப்பாடங்களாயின. ஆசிரியனாக வருவான் கணக்கும் இலக்கணமும் மட்டும் அறிந்தாற் போதாது, தன்முன் அமரும் பிள்ளைகளின் வேற்றுமைகளை அறிந்தவனாதலும் வேண்டும் என்னும் கருத்து இதனாற் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. இது மகிழ்தற்குரியதே.

மேனாட்டாரும் இத்துறையில் முயன்று வருகின்றனர். ஐரோப்பியக் குழுமம் என்னும் நாடுகளின் பேரவை, குடியாட்சிப் பண்பாட்டுக்கு வேண்டும் தகுதிகள் இருபது எனத் தொகுத்து 2018-இல் ஒரு பெருஞ் சட்டகத்தை வெளியிட்டது. விழுமியங்கள் மூன்று, மனப்பாங்குகள் ஆறு, திறன்கள் எட்டு, அறிவும் ஆய்ந்துணர்தலும் பற்றியன மூன்று என அவை நால்வகைப்படும். மனித மாண்பினை மதித்தல், வேற்றுப் பண்பாட்டார்பால் திறந்த நெஞ்சுடைமை, ஒருதலையாகத் துணியவொண்ணாத நிலையைப் பொறுத்தல், செவிசாய்த்துக் கேட்டல் முதலியன அவற்றுட் சில. இப்பகுப்பினை நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படும். அறிவு பற்றியனவாக அவர் கொண்டவை மூன்றே. எஞ்சிய பதினேழும் நெஞ்சத்தையும் பழக்கத்தையும் பற்றியன. நம் தேர்வுத் தாள்களோ அறிவு ஒன்றனையே அளக்க வல்லன. எளிதில் அளக்கப்படுவது எதுவோ அதுவே கற்பிக்கப்படும். அளக்கவியலாதது பாடத்திட்டத்தின் முகப்பில் எழுதப்பட்டு அங்கேயே நின்றுவிடும். இடர் இங்கேதான் தொடங்குகின்றது.

யாம் நேரிற் கேட்டறிந்த ஒரு நிகழ்ச்சியை ஈண்டுக் கூறுதும். தாம்பரத்தை அடுத்ததொரு பள்ளிக்குப் பயிற்சிக்காகச் சென்ற இளைஞர் ஒருவர், தீண்டாமையை ஒழிக்கும் அரசியலமைப்பின் பதினேழாம் உறுப்பினைப் பாடமாக நடத்தினார். படங்கள் காட்டினார், வினாக்கள் தொடுத்தார், பிள்ளைகளும் நன்கு விடையிறுத்தனர். மேற்பார்வையாளர் உயர்ந்த மதிப்பெண் வழங்கினார். அன்று நண்பகலில் அதே பிள்ளைகள் உணவு கொள்ளுங்கால், ஒரு தெருவினர் ஒருபுறமும் மற்றொரு தெருவினர் மறுபுறமுமாகப் பிரிந்தமர்ந்தனர். வடநாட்டினின்று கட்டடத் தொழிலுக்கு வந்தோரின் பிள்ளைகள் இருவர் சுவரோரத்தில் தனித்திருந்தனர். அவ்விளைஞர் அதனைக் கண்டிலர். கண்டிலர் என்பதினும், கண்ணெதிரே நிகழ்ந்தும் அது தம் பாடத்தோடு இயைபுடையது என்று அவர்க்குத் தோன்றிற்றிலது என்பதே பொருந்தும். பல திங்கள் கழிந்தபின் தாமே நினைந்து வருந்தி இதனை எம்மிடம் கூறினார். அவர் குறைபட்டவர் அல்லர். அவர்க்குக் கிடைத்த பயிற்சியில் உண்ணும் வரிசை ஒரு பாடமாக இருந்ததில்லை. குறை அவ்வளவே.

இனி, நம்மவரிடையே இது பற்றி எழும் தடைகளை நோக்குவோம். முதலாவது தடை: 'இஃது அரசினர் கடன், வீடுபேறு கருதிய மடங்கட்கும் சமயவாணர்க்கும் இதில் என்ன தொடர்பு?' என்பது. அற்றன்று. தருமபுரம் ஆதீனமும் திருப்பனந்தாட் காசிமடமும் கல்லூரிகள் நடத்தி வருகின்றன. சைவ அன்பர்கள் நிறுவிய பள்ளிகளும் பலவுள. நம் குடும்பங்களிற் பிறந்த இளையோர் ஆண்டுதோறும் ஆசிரியப் பயிற்சிக்குச் செல்கின்றனர். அவர்கள் சென்று நிற்கும் வகுப்பறையில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருப்பர். அவர் அங்கே எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பதற்கு நாம் விடைகூறாதிருப்போமாயின், நம் சமயம் அவர்க்கு வீட்டிற்குரியதாகவும் வகுப்பிற்கு வேண்டாததாகவும் ஆய்விடும். அன்றி, வகுப்பிற் பிறரை இகழ்தற்குரிய கருவியாய்விடும். இரண்டும் நன்றல்ல.

இரண்டாவது தடை வலியது. 'எல்லாச் சமயங்களையும் ஒப்ப மதிக்குமாறு கற்பித்தால் தன் சமயத்து உறுதி தளராதோ? புறப்புறச் சமயம், புறச்சமயம், அகப்புறச் சமயம், அகச்சமயம் என முன்னையோர் படிமுறை வகுத்தாரன்றோ? அப்படிமுறையும் இச்சமத்துவமும் எங்ஙனம் ஒருங்கு நிற்கும்?' என்பர். இதனை மழுப்பி விடுத்தல் தகாது. சித்தாந்தம் எல்லாக் கொள்கையும் ஒன்றே என்று கூறுவதன்று. கூறுமாயின் பரபக்கம் எழுந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் இரண்டு உண்மைகளை ஈண்டு நினைத்தல் வேண்டும்.

ஒன்று: அருணந்தி சிவனார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதர் முதலாகப் பதினான்கு கொள்கையினரை எடுத்து மறுக்கின்றார். ஒவ்வொரு கொள்கையையும் முதலில் அக்கொள்கையினர் வாயிலாகவே நிறுவி, அதன்பின்னரே மறுக்கின்றார். பிறன் கொள்கையைத் திரித்துக் கூறி எளிதில் வெல்லுதல் அவர் நெறியன்று. குடியாட்சியில் வேறுபட்டார் இருவர் ஒரு மன்றத்திலிருந்து வாதிடுதற்கு வேண்டும் முதற்பண்பு இதுவே. எதிரி இது தான் என் கருத்து என்று உடன்படும்வகையில் அவன் கருத்தினை எடுத்துரைக்க மாட்டாதவன் அதனை மறுத்தற்கும் உரியனாகான்.

மற்றொன்று: படிமுறை என்பது கொள்கைகளைப் பற்றியது, ஆட்களைப் பற்றியதன்று. எவ்வுயிர் எந்நிலையிற் பக்குவம் உடையது என்பதனை உள்நின்று உணர்த்தும் இறைவனே அறிவான். பிறப்பைக் கொண்டோ, புறத்தே அணியும் அடையாளத்தைக் கொண்டோ, பெயரைக் கொண்டோ பிறிதோருயிர் அதனை அறியமாட்டாது. ஆணவம் எல்லா உயிர்க்கும் பொது. தானும் அம்மலத்தாற் பிணிக்கப்பட்டிருக்கும் ஒருவன், மற்றொருவனை இவன் தாழ்ந்தவன் என அளப்பானாயின், குருடன் பிறன் கண்ணை ஆராய்ந்தது போலாம். ஆகலான், நூலரங்கிற் கொள்கையை ஆராயுமிடத்து உயர்வு தாழ்வு கூறுதலும், பொதுமன்றில் ஆட்களிடையே உயர்வு தாழ்வு கூறாமையும் தம்முள் மாறுபட்டனவல்ல. பின்னது சித்தாந்தத்திற்கு விட்டுக்கொடுப்பதன்று; சித்தாந்தத்தினின்றே பெறப்படுவது.

இஃது ஏட்டளவில் நிற்கும் முடிபோ, நடைமுறையிற் கண்டதோ எனின், கண்டதே என்போம். 1837-இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சனாற் பள்ளியாகத் தொடங்கப்பெற்றுப் பின் வளர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நூறாண்டு கழித்து 1937-இல் ஜார்ஜ் டவுனினின்று தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அது ஜார்ஜ் டவுனில் இருந்தகாலை, தமிழாசிரியராக விளங்கிய பரிதிமாற் கலைஞர், நாகையினின்று வந்த இளைஞர் ஒருவரை 1898-இல் ஆராய்ந்து தமிழாசிரியராக அமர்த்தினார். வேதாசலம் என்னும் பெயரினராய் வந்த அவ்விளைஞரே பின்னாளில் மறைமலையடிகளாயினார். சைவத்தில் அழுந்திய பற்றும், பிறர் கொள்கையை அஞ்சாது மறுக்கும் வாதவன்மையும் உடைய அவர், கிறித்தவர் நடத்திய கல்லூரியில் 1911 வரை ஆசிரியராக இருந்தார். அக்காலத்தேயே, 1905-இல், சைவசித்தாந்த மகாசமாசம் தோன்றுதற்கும் காரணராயினார். கல்லூரிப் பணிக்காக அவர் தம் நீற்றினை அழித்தாரில்லை. தம் நீற்றிற்காகக் கல்லூரியின் மாணவரிடையே வேற்றுமை பாராட்டினாருமில்லை. 1911-இற் பல்லாவரத்திற் குடியேறிச் சமரச சன்மார்க்க நிலையம் கண்டு, பின் அதற்குப் பொதுநிலைக் கழகம் எனத் தமிழ்ப்பெயர் தந்தார். சாதி சமய வேற்றுமையின்றி யாவரும் புகுதற்கு உரியதாக அது வகுக்கப்பட்டது. ஆசிரியர் பல்லாவரத்திற்கு வந்து இருபத்தாறு ஆண்டுகளின் பின், அவர் விட்டுவந்த கல்லூரியும் அருகிலுள்ள தாம்பரத்திற்கே வந்து சேர்ந்தது நினைத்து மகிழ்தற்குரியது.

மற்றொரு சான்றும் அக்கல்லூரியிலேயே உண்டு. ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் என்னும் மெய்யியற் பேராசிரியரிடம் பயின்ற மாணவருள் ஒருவர் சர்வபள்ளி இராதாகிருட்டிணர். வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்று அக்காலக் கிறித்தவ அறிஞர் கூறிய குற்றச்சாட்டினை மறுக்கப் புகுந்து, 1908-இல் அம்மாணவர் தம் முதுகலை ஆய்வினை எழுதினார். தம் சமயத்தார் கூற்றை மறுக்கும் அவ்வாய்வினை ஹாக் பாராட்டிச் சான்று வழங்கினார். அம்மாணவர் பின்னர்ச் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, நாட்டின் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தார். அவர் பிறந்த செப்டம்பர் 5 இன்று ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. 1938 டிசம்பரில் உலகக் கிறித்தவப் பணியாளர் பேரவை தாம்பரத்திற் கூடியபொழுது, பிற சமயங்களைப் பற்றி ஹென்றிக் கிரேமர் கொண்ட கடுங் கோட்பாட்டினை எதிர்த்து, பிற சமயத்தாரிடத்தும் மெய்யான பற்றுறுதி உண்டு என்று வழக்குரைத்தவரும் அதே ஹாக்கே. அவர் தம் கிறித்தவத்தைக் கைவிட்டாரல்லர். தம் சமயத்தில் நின்றுகொண்டே பிறன் நெஞ்சின் நேர்மையை மதித்தார். உறுதியும் மதிப்பும் ஒரு நெஞ்சில் ஒருங்கு நிற்கும் என்பதற்கு அடிகளும் ஹாக்கும் இருபுறத்தும் நிற்கும் சான்றுகள்.

இனி, நம்மை நேரே தீண்டும் வன்மையான வழக்கொன்றனை எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்டுத் திங்களில் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட குடியைச் சேர்ந்த மாணவன் ஒருவனை உடன்பயில்வோரே வீடுபுகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். பள்ளி கற்பித்தும் இங்ஙனம் ஆயிற்றே என்று நாடு நாணிற்று. சாதிப்பகைமை கல்விக்கூடங்களில் எழாதிருத்தற்கு வழிகாணுமாறு அரசினர் நீதியரசர் சந்துருவை ஒருநபர் குழுவாக அமர்த்தினர். 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அவர்தம் அறிக்கையின் பரிந்துரைகளுள், மாணவர் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றை அணிதல் விலக்கப்படல் வேண்டும் என்பதும் ஒன்று. இது வெளிவந்தபோது நம்மவருட் பலர் நெஞ்சு துணுக்குற்றது. திருநீற்றையோ விலக்குவது என்று வினவினர்.

அவ்வினாவை நாம் இழிவாகக் கருதவில்லை. திருநீறு நமக்கு அணியன்று, உயிர்நாடி. ஆயினும் சினம் கொள்ளுமுன் நம் திருத்தொண்டர் வரலாறுகளையே கேட்டல் வேண்டும். மெய்ப்பொருள் நாயனார் பகைவன் நெற்றியில் நீறு கண்டு, அவன் வாளாற் குத்துண்டு வீழ்ந்தும் அவனைக் காத்து ஊர்கடத்தச் செய்தார். அடையாளத்தின் பெருமை இதனினும் மிகக் கூறவொண்ணாது. சாக்கிய நாயனாரோ புத்தர் கோலத்தினை நீக்காமலே நாடோறும் சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்து அதனையே மலராகக் கொள்வித்தார். அடையாளம் இன்றியும் அன்பு நிற்கும் என்பது இதனாற் பெறப்படும். இவ்விரு வரலாறும் ஒரு பெரியபுராணத்தினுள்ளேயே உள்ளன. தம்முள் முரணுவன போலத் தோன்றும். உற்று நோக்கின் முரண் இல்லை. மெய்ப்பொருளார் போற்றியது தம் நெற்றிக் குறியையன்று, பிறன் நெற்றிக் குறியை. சாக்கியர் பொருட்படுத்தாது விட்டது பிறன் கோலத்தையன்று, தம் கோலத்தை. பிறன் அணிந்த தூய அடையாளத்தைத் தன் உயிரினும் மேலாக மதிக்க; தன் அடையாளத்தைக் கொண்டு செருக்கற்க. நம் சான்றோர் வரலாறு நமக்கு வைத்த பாடம் இதுவே எனின், பக்கத்துப் பலகையிலிருக்கும் பிள்ளையின் சிலுவையும் தொப்பியும் அம்மதிப்பிற்கு உரியனவே.

அன்றியும், நீறாவது யாது? எவ்வுடம்பும் ஈற்றில் நீறாதல் ஒருதலை என்பதன் நினைவன்றோ? அதனையே ஒருவன், யான் இன்ன சாதி எனக் காட்டும் கொடியாக்குவானாயின், அவன் அணிந்தது சாம்பலேயன்றித் திருநீறன்று. அங்ஙனம் கொடியாக்குவோர் நம்மிடை உளர் என்பதனை ஒப்புக்கொள்ளாது, பரிந்துரையை மட்டும் பழித்தல் நேர்மையாகாது. அதேவேளையில், விலக்கு ஒன்றே நோய்க்கு மருந்தாகும் என்பதனையும் யாம் உடன்படோம். கயிற்றை அறுத்தால் சட்டைப் பொத்தானின் நிறம் சாதிகாட்டும். அதனை மாற்றினால் விளிக்கும் சொல்லொன்று காட்டும். உள்ளிருப்பது ஆணவம், அது புறத்தே பற்றுக்கோடு தேடுவது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கு இயல்பாகலின், பற்றுக்கோட்டினைப் பறிப்பதினும் நல்ல சார்பினைத் தருதலே நிலைத்த மருந்து. அச்சார்பு வகுப்பறையில் ஆசிரியனே. அவன் பக்தியால் அணிந்த நீற்றினையும் பகைமையால் அணிந்த நீற்றினையும் பகுத்தறிந்து, முன்னதனைக் காத்துப் பின்னதனை அன்பாற் களைய வல்லவனாயின், விலக்கு வேண்டப்படாத நாள் வரும். அத்தகையானை ஆக்காத வரையில், விலக்கினை வேண்டுவோரைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை.

இதனினும் நுண்ணிய சோதனை ஒன்றுண்டு. மதுரையிற் சமணர் கழுவேறியதாகக் கூறும் பகுதி நம் புராணத்துள் உளது. தென்சென்னைப் பள்ளியொன்றிற் சைவப் பிள்ளையும் சமணப் பிள்ளையும் அருகருகே அமர்ந்திருக்க, அப்பகுதியைச் சைவனாகிய ஆசிரியன் எங்ஙனம் கூறுவான்? மகிழ்ந்து கூறுவானாயின் ஆசிரியனல்லன். இல்லை என மறைப்பானாயின் மெய்யனல்லன். பழைய நூலொன்று இவ்வாறு கூறுகின்றது; பொருதார் இருதிறத்தாரும் இந்நாட்டினரே; வாதில் தோற்றவன் உயிரிழத்தல் வேண்டும் என்னும் வழக்கினை நாம் இன்று ஏலாது, சட்டத்தால் மட்டுமன்றி மனத்தாலும் விலக்கியுள்ளோம்; சமணர் இயற்றிய நூல்களின்றி நம் தமிழ் இத்துணை வளம் பெற்றிராது என்று, இரு பிள்ளைகளின் கண்களையும் நேரே நோக்கிக் கூற வல்லவனே ஆசிரியன். இது நூலறிவால் மட்டும் வருவதன்று, பயிற்சியால் வருவது. இத்தகைய இடர்ப்பட்ட பாடங்களை எடுத்து நடத்திப் பழகுதலே ஆசிரியப் பயிற்சியின் நடுவிடத்தைப் பெறல் வேண்டும்.

அங்ஙனமாயின் அப்பயிற்சி யாதாக அமையலாம்? மூன்று கூறுதும்.

முதலாவது, பிறர் கருத்தினைப் பிறர் உடன்படக் கூறும் பழக்கம். பரபக்க நெறியென மேற்காட்டிய அதுவே. பயில்வோர் இருவர், தத்தமக்கு உடன்பாடில்லாத கொள்கையை எடுத்து நிறுவுக. அக்கொள்கையினன் ஒருவன் இருந்து கேட்டு, ஆம் என்று தலையசைத்தபின் வாதம் தொடங்குக.

இரண்டாவது, ஊரினைப் பாடநூலாக்குதல். பல்லாவரத்துக் குன்றில் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரை இன்று இசுலாமியர் வழிபடும் தர்காவாக உள்ளது. அதற்கு அணித்தே பரங்கிமலைமேற் கிறித்தவர் கோயில். மாடம்பாக்கத்திற் சோழர்காலத் தேனுபுரீசர் திருக்கோயில். தாம்பரத்தில் நாட்டின் பல பகுதியினரும் வாழும் வான்படைத் தளம். புறநகரெங்கும் தமிழ் அறியாத் தொழிலாளர் குடில்கள். பல நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் இணைத்து 2021-இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சிக்கு எழுபது வட்டங்கள். நகரமக்கள் தம் குறைகூறும் பகுதி சபைகளும் 2022 முதல் தமிழ்நாட்டில் நடந்து வருகின்றன. இவற்றையெல்லாம் நேரிற் கண்டு, மன்றத்தின் ஓரத்தமர்ந்து, யார் பேசுகின்றார், யார் பேசாதிருக்கின்றார் என்று நோக்கியவனே குடியாட்சியைக் கற்பிக்க வல்லனாவான். இருபது வாரப் பள்ளிப் பயிற்சியில் இதற்குச் சில நாள் ஒதுக்குதல் அரிதன்று. பயிற்சிப் பள்ளியைத் தெரிந்தெடுக்குங்காலும், தனக்குப் பழகிய மக்களிடையதன்றிப் பழகாத மக்களிடையதனைக் கொள்ளுதல் நன்று.

மூன்றாவது, தன்னைத் தான் ஆராய்தல். இதுவே அரிது. புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தன்னையேனும் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது மறைந்து நின்று மறைக்கும் என்பது சித்தாந்தத் துணிபு. அதனால் சாதிச் செருக்குடையான் தன்னைச் செருக்குடையானாக அறிவதில்லை. தன்னைத் தூய்மையுடையானாகவே அறிகின்றான். நமிநந்தியடிகளினும் சிறந்த தொண்டர் யார்? அவரே, திருமணலித் திருவிழாவிற் பலரோடும் கலந்து வந்தமையால் தூய்மை கெட்டதென எண்ணி, நீராடுமுன் வழிபாட்டிற்குப் புகாது நின்றார். திருவாரூர்ப் பிறந்தார் அனைவரும் கணங்களே என்று இறைவன் கனவிற் காட்டியபின்னரே தம் பிழை உணர்ந்தார். தொண்டர்க்கே கனவு வேண்டியிருந்ததெனின், நம்மனோர்க்குப் பயிற்சி வேண்டாமோ? பயிற்சிக் கல்லூரியில் ஒவ்வோர் இளைஞனும், இன்று யான் யாரை முதலில் வினவினேன், யாரை வினவவில்லை, யார் பெயரை மறந்தேன், உண்ணுமிடத்து யார் தனித்திருந்தார் என நாடோறும் எழுதிப் பார்த்தல் வேண்டும். முன் கூறிய இளைஞர்க்கு இவ்வழக்கம் இருந்திருப்பின், பல திங்கள் கழித்து வருந்த நேர்ந்திராது.

இங்கே சிலர், 'சமயச் சார்பற்ற அரசின் பயிற்சியிற் சைவ வரலாறுகளைப் புகுத்துதல் முறையோ?' எனக் கடாவலாம். முறையன்று, யாம் அதனை வேண்டவும் இல்லை. அரசின் பொருளால் முழுதும் நடைபெறும் கல்விக்கூடங்களிற் சமயபோதனை கூடாது என்பது அரசியலமைப்பின் இருபத்தெட்டாம் உறுப்பு. அரசால் ஏற்கப்பெற்ற பிற கல்விக்கூடங்களிலும், தன் உடன்பாடின்றி ஒருவனைச் சமய வழிபாட்டிற் புகுத்துதல் கூடாதென்பதும் அவ்வுறுப்பே. இது நம்மையும் காப்பது, பிறரையும் காப்பது. யாம் ஈண்டு நாயன்மாரை எடுத்துக் கூறியது அரசின் பாடத்திட்டத்திற்காகவன்று. இதனைப் படிக்கும் சைவராகிய நமக்காக. கிறித்தவ ஆசிரியன் தன் மறைநூலினின்றும், இசுலாமிய ஆசிரியன் தன் மறைநூலினின்றும், கடவுட்கொள்கை இல்லாதான் தன் அறிவினின்றும் அதே முடிபிற்கு வருக. வேர் பலவாயினும், வகுப்பறையில் நிழல் ஒன்றாயிருத்தல் போதும்.

முடிவாக, ஆசிரியர்க்கெல்லாம் முன்மாதிரியாக நிற்கும் ஒரு நிகழ்ச்சியை நினைப்பிப்போம். சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்ற அருணந்தியார், தம் மாணாக்கர் திருவெண்ணெய்நல்லூரில் ஓர் இளஞ்சிறுவரிடம் பாடங்கேட்கச் சென்றதறிந்து, சினந்து அங்குச் சென்றார். ஆணவத்தின் வடிவம் யாது என்று வினவினார். மெய்கண்டார் விடை கூறவில்லை. வினவி நின்ற அவர் வடிவினையே நோக்கினார். அருணந்தியார் உணர்ந்தார், அகவையும் புகழும் குலகுரு என்னும் நிலையும் ஒருங்கே மறந்து, அச்சிறுவர் திருவடியில் வீழ்ந்தார். பதினான்கு கொள்கைகளையும் பின்னர் அவர் நடுநின்று எடுத்துரைக்க வல்லவரானது இந்த வீழ்ச்சியின் பயனே என்று யாம் கருதுகின்றோம். தன் மாணவனிடம் தோற்க மாட்டாதவன் பிறன் கொள்கையைச் செவ்வனே கேட்கவும் மாட்டான்.

நம் மடங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஆசிரியப் பயிற்சி பெறும் இளையோர், எச்சமயத்தினராயினும், ஆண்டிற் சில நாள் நம் மடங்களில் வந்து தங்கி, நம் நூல்களை வினவவும் மறுக்கவும், நம் அடியாரோடு ஒரே வரிசையில் உண்ணவும் வாயில் திறக்கப்படுக. அவ்வரிசையில் யார் எங்கே அமர்த்தப்படுகின்றார் என்பதனை அவர்கள் உற்று நோக்குவர். நோக்குதற்கே அவர்களைப் பயிற்றல் வேண்டும் என்று மேலே கூறினோம். அந்நோக்கத்தின்முன் நாம் நாணாது நிற்கக்கூடுமாயின், குடிமையறத்தைப் பற்றி நாட்டிற்கு ஒரு சொற் கூறும் உரிமை நமக்கு உண்டாம். நிற்கக் கூடாதாயின், முதலிற் பயிற்சி வேண்டுவது அவ்விளையோர்க்கன்று, நமக்கே என்பதனை அறிதல் வேண்டும். அவ்வறிவும் அறிவித்தால் வருவதே. அதனை அறிவிக்க வருவோர் சிறுவராயினும் ஆகுக.